ஒம்பதாம் நெம்பர் மச்சான்

"இல்லீங்க மச்சான், நெம்பர நான் போடலீங்க. அதுவாப் போட்டுக்கிச்சுங்க. அட, நாஞ் சொல்றத முழுசாக் கேளுங்க. உங்கள ஒம்பதாவதா வெக்கோணும்னு எனக்கென்னங்க வேண்டுதலா? ரசாக்குங்களா? ஆமாங்க, தறி ரிப்பேர் பண்ற ரசாக் நாலாவதுதானுங்க. அது மரியாத வரிசை இல்லீங்க, டைப் அடிச்ச வரிசை. சத்தியமங்கலத்துக்காரரு எப்படி ஒண்ணாவதுன்னா… கீதா சொல்லச் சொல்ல அடிச்சனுங்க. அவ அவங்கண்ணன்ல இருந்துதான ஆரம்பிப்பா. அதுக்கு நான் என்ன பண்றதுங்க? மச்சான்? ஏனுங்க மச்சான்?"

பொள்ளாச்சியில போன வெச்சாச்சு. கருமத்தம்பட்டியில கிருபாசங்கர் மட்டும் இன்னும் போனக் காதுல வெச்சுக்கிட்டு நின்னாரு. வாதத்தப் பாதியில நிறுத்தறது அவருக்குப் புடிக்காது. பன்னெண்டு விசைத்தறி வெச்சிருக்கற மனுசன். அந்தச் சத்தத்துக்கு மேல பேசிப் பேசியே வளந்தவரு. கரண்டாபீஸ்ல பேசி ஜெயிச்சிருக்காரு, நூல் கடையில பேசி ஜெயிச்சிருக்காரு. ஜெயிக்காத எடம் ஒண்ணே ஒண்ணு. அதுக்குப் பேரு சமையக்கட்டு.

விசயம் இதுதான். புது ஊடு கட்டி முடிச்சாச்சு. அடுத்த வாரத்துக்கு அடுத்த வெள்ளிக்கெழம கிரகப்பிரவேசம். நம்ம பக்கத்துல விசேசம்னா புருசனும் பொண்டாட்டியுமா ஊடு ஊடாப் போயி, வெத்தலபாக்கு வெச்சு, "வந்துருங்க"ன்னு வாயாலச் சொல்லோணும். முப்பத்தெட்டு ஊடு. ஊட்டுக்கு ஒரு காப்பி, ஒரு மொறுக்கு, ஒரு பழைய கோவம். போன விசேசத்துக்குச் சுத்துனதுல கிருபாசங்கருக்கு இடுப்பு புடிச்சு, அசிடிட்டி வந்து, ஒரு பெரியப்பன் ஊட்டுல நாய் வேற கடிச்சுப்போட்டுது.

அதனால ஒரு மாசத்துக்கு முன்னால, தோசையப் பிச்சுக்கிட்டே அறிவிச்சுப்போட்டாரு.

"இந்தத் தடவ ஒரு ஊட்டுக்கும் போறதில்ல. வெப் பேஜ்."

பொண்டாட்டி கீதா அடுத்த தோசைய ஊத்துனா. "அது காப்பி குடிக்குமுங்களா?"

"ஒரு லிங்க்க அனுப்புனா முப்பத்தெட்டு ஊட்டுக்கும் ஒரே நேரத்துல போயிரும். நானே படிச்சு நானே செய்யறேன், பாரு."

அப்படித்தான் ஆன்லைன்ல ஆரம்பநிலை வகுப்புல சேந்தாரு. காத்தால ஆறுல இருந்து ஏழு. வாத்தியாரு யஷ்வந்த், கோயமுத்தூர்ப் பையன், மீசை இப்பத்தான் யோசிச்சிட்டிருக்கு. மொத நாளே சண்ட. தலைப்ப எழுதறதுக்கு முன்னால ஒரு குறி, எழுதி முடிச்சா மூடற குறின்னு அவரு சொன்னாரு. நம்மாளு கேட்டாரு: "தொறந்தா வேல முடிஞ்சுதில்லீங்க? மூடறது எதுக்கு?"

"மூடலைன்னா அதுக்குக் கீழ இருக்கறது பூரா தலைப்பாயிரும் சார்."

அப்படியே ஆச்சு. தேதி, நேரம், பஸ் ஸ்டாப்பு, சாப்பாடு எல்லாம் தடி எழுத்துல ஊரக் கூட்டிச்சு. கீதா ஈரக் கையத் தொடச்சிட்டு வந்து எட்டிப் பாத்தா.

"குழாயத் தொறந்தா மூடறதில்ல. பிரிட்ஜத் தொறந்தா மூடறதில்ல. பேஸ்ட்டுக்கு மூடி எங்கன்னே தெரியாது. இதுல மட்டும் மூடிருவீங்களாக்கும்?"

"படிக்கற மனுசன்கிட்ட இப்படிப் பேசாத அம்மணி."

"படிக்கறீங்களா? வீடியோ ஓடுது, நீங்க கொறட்ட உடறீங்க. ரெண்டுல எது பாடம்னு தெரியாமப் போவுது."

எப்படியோ தட்டுத்தடுமாறி பேஜ் எழுந்து நின்னுது. மேல புது ஊட்டுப் படம். நடுவுல தேதி. கீழ, 'தங்களை அன்புடன் அழைக்கும் உறவுகளும் நண்பர்களும்'னு பேர் வரிசை. வெள்ளிக்கெழம சாயங்காலம் வாத்தியாருக்கு வீட்டுப்பாடமா அனுப்புனாரு. "சூப்பர் சார்"னு பதில் வந்துது. சனிக்கெழம காத்தால ஒம்பதுக்கு லிங்க்க உறவுக்காரங்க குரூப்புல போட்டுப்போட்டு, காலாட்டிக்கிட்டு ஒக்காந்தாரு.

ஒம்பதே காலுக்கு காளிச்சாமி மச்சான் போன்.

காளிச்சாமின்னா சும்மா ஆளில்ல. கிருபாசங்கரோட அக்கா நாச்சியம்மாளக் கட்டுனவரு. பொள்ளாச்சியில கொப்பரக் களம் வெச்சிருக்காரு. பேர் வரிசையில ஒண்ணு, ரெண்டுன்னு நெம்பர் போட்டிருக்கு, அவருக்கு ஒம்பது. "ஒம்பதாவது ஆளு வராட்டி என்ன கொறஞ்சு போச்சு? உங்கக்காளும் வரமாட்டா"ன்னுட்டாரு.

அங்கதான் சிக்கல். கூடப்பொறந்தவ வந்து பால் காச்சாம புது ஊட்டுக்குள்ள எப்படிக் குடி போறது? அக்கா ஒருத்திதான். வேற பொறந்தவளுக்கு எங்க போறது?

கோவத்த எறக்க ஒரு ஆளு வேணுமில்ல. வகுப்பு குரூப்புல இருநூறு பேரு பாக்க எழுதுனாரு: 'யஷ்வந்த் சார், நீங்க நடத்துன பாடத்துனால ஒரு குடும்பம் ஒடஞ்சு கெடக்குது. நான் கேக்காம நெம்பர் எப்படி வந்துது?'

பதில் ரெண்டு நிமிசத்துல வந்துது. 'சார், லிஸ்ட் ரெண்டு வகை. ஒண்ணுல புள்ளி வரும், ஒண்ணுல நெம்பர் வரும். நேத்து நீங்க அனுப்புனதுல புள்ளிதான் இருக்கு. இப்பப் பாத்தா நெம்பர். நீங்களே மாத்தியிருக்கீங்க.'

'நான் மாத்தல.'

'அப்ப யாரு சார்?'

'வாத்தியாரு நீங்க. நீங்கதான் சொல்லோணும்.'

இப்படி இருபத்திமூணு மெசேஜ். பாக்கி நூத்தித் தொண்ணூத்தெட்டுப் பேரும் டீயக் குடிச்சிட்டே படிச்சாங்க. அதுக்குள்ள கீதா பட்டுப்பொடவையில வந்து நின்னா. கையில ஒரு பை. பைக்குள்ள வெத்தல, பாக்கு, பழம், மஞ்ச, குங்குமம்.

"சண்ட முடிஞ்சுதுங்களா? வண்டிய எடுங்க. பொள்ளாச்சிக்குப் போயி வெத்தலபாக்கு வெச்சாத்தான் காளிச்சாமி அண்ணன் எறங்குவாரு."

"இந்நேரத்துக்குள்ள இத்தன வெத்தல எங்க வாங்குன?"

"ஊட்டுல இருந்துதுங்க."

முப்பத்தெட்டு ஊட்டுக்கு ஆவற வெத்தல ஊட்டுல சும்மா இருக்குமான்னு ஒரு சாதாரண மனுசன் யோசிச்சிருப்பான். கிருபாசங்கரு மனசுல யஷ்வந்துக்கு இருபத்திநாலாவது மெசேஜ எழுதிக்கிட்டிருந்தாரு.

மச்சான் களத்துல கொப்பரையத் திருப்பிப் போட்டுக்கிட்டிருந்தாரு. திரும்பிப் பாக்கல. கிருபாசங்கர் வெத்தலபாக்குத் தட்ட ரெண்டு கையிலயும் புடிச்சிட்டு வெயில்ல நின்னாரு. சண்ட போடத் தெரிஞ்ச வாய்க்கு சமாதானம் தெரியல. கடைசியில வந்தது இதுதான்:

"மச்சான், செல்போன்ல கூப்பிடறதெல்லாம் ஒரு அழைப்புங்களா? நேர்ல வந்து கூப்பிடற மாதிரி ஆவுமுங்களா? அதான் மொத ஊடா உங்க ஊட்டுக்கு வந்தேன்."

மச்சான் கொப்பரையக் கீழ போட்டாரு. "மொத ஊடா?"

"மொத ஊடுங்க."

"அதச் சொல்லு மொதல்ல." தட்ட வாங்கிக்கிட்டாரு. "நாச்சி, மாப்ள வந்திருக்கான், எலையப் போடு."

உள்ள இருந்து அக்கா குரல் வந்துது. "நாங் காச்சாம அந்த ஊட்டுல யாரு கண்ணு பால் காச்சுவா? கைகால் கழுவிட்டு வா."

ரெண்டு மணி நேரமா நெஞ்சுல ஏறி ஒக்காந்திருந்தது எறங்கிப் போச்சு. அஞ்சு பணியாரம் தின்னாரு. ஆறாவதுக்குக் கைய நீட்டறப்ப மச்சானோட போன் அடிச்சுது. ரப்பர் பேண்டு போட்டுக் கட்டுன பட்டன் போன்.

கிருபாசங்கர் அதையே பாத்தாரு. பணியாரம் கையிலயே நின்னுது.

கார்ல ஏறி, பஸ் ஸ்டாண்டத் தாண்டுனதுமே ஆரம்பிச்சாரு.

"கீதா. மச்சான்கிட்ட இருக்கறது பட்டன் போனு."

"ஆமாங்க. பேட்டரி நாலு நாளைக்கு நிக்குமாம்."

"அதுல வெப் பேஜ் தெரியாது."

"தெரியாதுங்க."

"அப்ப ஒம்பதுன்னு அவருக்கு எப்படித் தெரியும்?"

"உங்கக்கா படிச்சுக் காட்டிருப்பாங்க."

"ஒம்பதே காலுக்கேவா? அக்கா அந்த நேரத்துக்குப் போனத் தொடவே மாட்டாளே."

"நாந்தான் போன் பண்ணிப் பாக்கச் சொன்னேன்."

வண்டி கொஞ்சம் ஆடுச்சு. "நெம்பரு?"

"ரோட்டப் பாத்து ஓட்டுங்க. ஏழாவது பாடம். புள்ளி லிஸ்ட், நெம்பர் லிஸ்ட். நீங்க தூங்குனீங்க. ஓடற வீடியோ வீணாப் போவுதேன்னு நான் பாத்தேன். முப்பது பாடமும் பாத்துப்போட்டேன். இன்னிக்குக் காத்தால நீங்க பல்லு வெளக்கப் போனப்ப சும்மா மாத்திப் பாத்தேன். அழகாத்தான் வந்துது."

"அடியே, அக்கா வராமப் போயிருந்தா?"

"வராம எங்க போறாங்க? பால் காச்சறப்ப கட்டறதுக்குன்னு போன மாசமே பொடவ எடுத்தாச்சு. ஜாக்கெட் அளவு குடுக்கறதுக்கு நானும் கூடப் போனேன். தம்பி நேர்ல வந்து கூப்பிடாம லிங்க்க அனுப்பறானாமேன்னு அங்கயே அழுதாங்க. அப்பப் பேசி வெச்சதுதான். அண்ணனோட கோவம் மட்டும் நெசமுங்க. அதுல நாங்க கை வெக்கல."

கோவம் வரோணும். கிருபாசங்கர் தேடிப் பாத்தாரு. வரல. அக்கா வருவா, பால் பொங்கும், அது போதும்னு மனசு காலு நீட்டிப் படுத்துக்கிச்சு. யஷ்வந்துக்கு ஒரு மன்னிப்பு கேக்கோணும். அதக் குரூப்புல கேக்கலாமா, தனியாக் கேக்கலாமான்னு யோசிச்சு, கேக்கவே வேண்டாம்னு முடிவு பண்ணுனாரு.

"அப்ப ஊட்டுக்குத் திருப்பட்டுமா?"

"அண்ணன் ஊட்டுக்கு மட்டும் போயிட்டு மத்தவங்க ஊட்டுக்குப் போகாம இருந்தா நல்லாருக்குமுங்களா? லெப்ட்ல திருப்புங்க. கிணத்துக்கடவுல மூணு ஊடு."

முப்பத்தெட்டு ஊடும் போனாங்க. ஒவ்வொரு ஊட்டுலயும் அவரு அதே வசனத்த எடுத்து உட்டாரு. பத்தாவது ஊட்டுக்கு மேல அதுக்குக் கையாட்டல் சேந்துது. இருபதுக்கு மேல கண்ணுல தண்ணி வர ஆரம்பிச்சுது. "நேர்ல வந்து கூப்பிடற மாதிரி ஆவுமுங்களா?" ரசாக் ஊட்டுல அவங்கம்மா இதக் கேட்டுட்டு எந்திரிச்சு நின்னு கும்புட்டாங்க.

வெள்ளிக்கெழம வந்துது. அக்கா புதுப் பொடவையில வந்தா. பால் பொங்கி அடுப்புல வழிஞ்சுது. கிருபாசங்கரு அன்னிக்கு மாதிரி நிம்மதியா என்னிக்கும் மூச்சு உட்டதில்ல. வந்த சனத்துக்குச் சாப்பாடு போட்டு, வெத்தல மடிச்சுக் குடுத்து, எல்லாரும் சாமியானாவுக்கடியில சாஞ்சு ஒக்காந்திருக்கற நேரம். காளிச்சாமி மச்சான் தொண்டையச் செருமுனாரு.

"தை மாசம் எங்க பொண்ணு பிரீத்திகாவுக்குக் கல்யாணம். நூத்தி அறுவது ஊடு கூப்பிடோணும். எனக்கு மூட்டு வலி, வண்டி ஓட்ட முடியல. ஆரு கூட வருவான்னுதான் யோசனையா இருக்குது."

"வெப் பேஜ் போட்டுரலாமுங்க மச்சான்"னு நம்மாளு வாயெடுத்தாரு. சனமே திரும்பிப் பாத்துது. ரசாக் மெதுவாக் கேட்டாரு: "நேர்ல வந்து கூப்பிடற மாதிரி ஆவுமுங்களா முதலாளி?"

கிருபாசங்கர் காப்பாத்தறதுக்கு ஆளிருக்கான்னு கீதாவப் பாத்தாரு. அவ முந்தானையச் சொருவிக்கிட்டு முன்னால வந்தா.

"ஏனுங்க, தலையக் குனிஞ்சா எப்படி? முப்பத்தெட்டு ஊட்டுச் சனமும் ஒக்காந்திருக்குது. அண்ணங்கூட நூத்தி அறுவது ஊட்டுக்கும் வண்டி ஓட்டிட்டு வாரீங்களா, இல்லீங்களா? கடைசி வரிசைக்கும் கேக்கற மாதிரி வாயத் தொறந்து சொல்லுங்க."