கோட்டைத் தின்ற புறாக்கள்

டோர்ட்மண்ட்,
செப்டெம்பர் 1994

அன்பு மச்சான் கொட்வினுக்கு மரியரட்ணம் எழுதிக்கொள்வது.

மாதாவின் கிருபையால் இங்கே நானும் உன் அக்கா அன்ரனிற்றாவும் சுகம், என் இடது முழங்கால் நீங்கலாக. பான் நகரில் நீயும் அஞ்சலாவும் பிள்ளைகளும் முழங்கால் உட்பட சுகமாயிருக்க வேண்டுகிறோம்.

நீ இங்கிருந்த காலத்தில் எங்களுக்கு மைதானமும் இல்லை, மைதானத் தொல்லையும் இல்லை. அகதி விடுதிக்குப் பின்னாலிருந்த பூங்காவில் எங்கள் ஜாக்கெட்டுகள்தான் கோல்கம்பம். காவலாளி வந்தால் கம்பங்களை மாட்டிக்கொண்டு ஓடினோம். அந்தச் சந்தோசம் இனி வருமா மச்சான்?

இப்போது நகரசபை மைதானமொன்றை ஒரு ஜெர்மன் கழகத்தோடு பங்குபோட்டு வைத்திருக்கிறோம். குத்தகை அவர்கள் பெயரில். பராமரிப்பு இரண்டு பேர் தலையிலும். குளிப்பறையில் சுடுதண்ணீர்க் கொதிகலன் பழுதாகிவிட்டது. அதற்குக் காசு சேர்க்கப் போன ஞாயிறு இரு கழகமும் மோதும் ஆட்டம் வைத்தோம். சாப்பாட்டுக் கடையும் கோடு போடுவதும் எங்கள் பொறுப்பு. அடுத்த வருடமும் எங்களுக்கு இடமுண்டா என்று அன்றுதான் ஜெர்மன் கழகத்தார் முடிவு சொல்வதாக இருந்ததால், ஒரு பிழையும் வரக்கூடாது என்று எல்லோரையும் வெருட்டி வைத்திருந்தேன். வெருட்டினதுதான் பிழை. பாதி மைதானத்தில் சுண்ணாம்புத்தூள் முடிந்துபோக, கோடு போட நின்ற நவரத்தினம் அண்ணை அதை என்னிடம் சொல்லப் பயந்து, இடியப்பத்துக்கு வைத்திருந்த அரிசிமா மூட்டையைத் தூக்கிப்போய் மிச்சக் கோட்டையும் வடிவாகப் போட்டு முடித்துவிட்டார். கடையில் உன் அக்கா மாவைத் தேடுகிறாள், இங்கே ஆட்டம் தொடங்குகிறது, ஊரிலுள்ள புறாவெல்லாம் வந்து இறங்குகிறது. முதலில் மூலையைத் தின்றன. பிறகு பெனால்டிப் பெட்டி. அந்த நேரம் பார்த்து எங்கள் லவன் எதிரணிக்காரன் ஒருவனைத் தள்ளி விழுத்த, நடுவர் விசில் ஊதிவிட்டு, பெட்டி எங்கே என்று என்னைக் கேட்டார். நான் புறாவைக் காட்டினேன்.

அவர்கள் தலைவர் பிரிங்க்மன், சுரங்கத்தில் வேலை செய்து ஓய்ந்தவர், குனிந்து மிச்சக் கோட்டைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். மைதானம் போச்சு என்று நினைத்தேன். அவரோ, உலகப்போர் முடிந்த காலத்தில் சின்னப் பெடியன்களாக அடுப்புச் சாம்பலால் கோடு போட்டு விளையாடிய கதையைச் சொல்லத் தொடங்கினார். சொல்லச் சொல்ல அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"எங்கட கோடு மழையில ஓடிச்சுது, உங்கட கோடு பறக்குது. அடுத்த வருசமும் இங்கயே விளையாடுங்கோ. சுண்ணாம்பை நாங்கள் வாங்கிறம்" என்றார் ஜெர்மனில்.

எனக்கு எங்கள் ஜாக்கெட்டுக் கம்பமும் நீயும்தான் நினைவுக்கு வந்தது. இடியப்பம் இல்லாமலே, புறாக்கூத்துப் பார்க்க நின்ற சனம் கடையிலிருந்த ரோல்ஸ் முழுவதையும் வாங்கித் தின்று கொதிகலனைக் காப்பாற்றியது.

ஆனால் நிர்வாகம் எனக்குச் சரிவராது மச்சான். பொறுப்பை விட்டுவிட்டேன். முடிந்த முடிவு. இனி ஞாயிறு பூசைக்குப் போவேன், வந்து படுப்பேன். பிள்ளைகளுக்கு முத்தம். அஞ்சலாவுக்கு எங்கள் அன்பு. மாதா உங்கள் வீட்டுக் கூரைமேல் கை வைத்திருப்பாளாக.

இப்படிக்கு,
மரியரட்ணம்

பி.கு.: முத்திரை ஒட்டும்போது பிரிங்க்மன் போன் எடுத்தார். இரு கழகத்துக்கும் சேர்த்து ஒரே மைதானக் குழுவாம், தலைவர் நானாம். ஏலாது என்று சொல்லத்தான் வாய் திறந்தேன். "யா, யா" என்று ஜெர்மனில் ஓம்தான் வந்துவிட்டது. வாற ஞாயிறு ஆட்டம், கோலில் நிற்க உன்னை விட்டால் ஆளில்லை. அன்று விடிய வெளிக்கிடும் முதல் ரயிலைப் பிடி.