ரெண்டு ஜெபத்துக்கு ஒரு நிமிஷம்

ஐம்பத்து மூன்றாம் வயதில், விரல்களுக்கு உடற்பயிற்சி கொடுக்கப் போவதாக என் வீட்டுக்காரர் எபினேசர் அறிவித்தார். தொப்பையைக் கேட்டுப் பார்த்திருப்பார், அது மறுத்திருக்கும்.

கும்மிடிப்பூண்டி கம்பெனிகளில் கயிற்றில் தொங்கிக்கொண்டு புகைபோக்கிக்குப் பெயின்ட் அடிக்கிற வேலை அவருக்கு. வருஷத்தில் பாதி நாள் ஒடிசா, குஜராத் என்று வெளியூர்ப் புகைபோக்கி. அவர் அங்கே அந்தரத்தில் நிற்கிற நாளெல்லாம் நான் மணவாள நகர் வீட்டில் ஜெபத்தோடு முழங்காலில் நிற்பேன்.

பார்சல் வந்தது. ஒரு முழப் பலகை. விரல் நுழைகிற மாதிரிப் பள்ளங்கள். மேலே கயிறு.

"இன்னாங்க இது, துணி துவைக்கிற பலகையா?"

"மலை ஏர்றவங்க வெளியூர் வேலைக்குப் போனா பையில போட்டுக்கினு போவாங்களாம். எங்க வேணா மாட்டித் தொங்கலாம். விரலு இரும்பாட்டம் ஆயிடும்."

"மாடிப்படி ஏறினாலே உங்களுக்கு மூச்சு வாங்குது. மலையா?"

"புது காண்ட்ராக்டர் ரூல் போட்டுட்டான் சாராள். ஒரு நிமிஷம் கையால தொங்கணும். இல்லாங்காட்டி கீழ நின்னு ஹெல்மெட் எடுத்துக் குடுக்கிற வேலை."

கீழே! இருபத்தைந்து வருஷமாக நான் ஆண்டவரிடம் கேட்டதே அந்த ஒரு வார்த்தைதான்.

ஆறு மாதமாக அவருக்கு வலது கை மரத்துப் போகிறது. டீ டம்ளர் நழுவி விழும். "டம்ளர் வழுக்குது" என்பார். இங்கே டம்ளர் மேல் பழி போடலாம். நூற்றைம்பது அடி உயரத்தில் யார் மேல் போடுவது? அவரிடமே கேட்டேன்.

"பெல்ட் கீதுல்ல" என்றார்.

"அப்பாவு அண்ணனுக்கும்தான் இருந்துச்சு."

கூட வேலை பார்த்த அப்பாவு அண்ணன் போன வருஷம் விழுந்தவர். இன்னும் கட்டிலில்தான் கிடக்கிறார்.

பலகை கதவுக்கு மேல் ஏறியது. எங்கள் மகன் அன்பு அதில் ஒரு கையால் தொங்கியபடி மறு கையால் தோசை தின்றான்.

"எறங்குடா, பலகை தேஞ்சிடப் போவுது" என்றார் இவர். பொறாமை.

"போன்ல டைம் பாத்தா கை தளருது சாராள். நான் கண்ண மூடிக்கிறேன். நீ பரமண்டல ஜெபம் ரெண்டு வாட்டி சொல்லு. கரெக்டா ஒரு நிமிஷம்."

"நான் ஜெபம் பண்ணா சோறு ஆறிடுதுன்னு கத்துவீங்களே?"

"அதான் உன்னக் கேக்கிறேன். உன்னாட்டம் இழுத்து ஜெபம் பண்ண ஊர்லயே ஆள் கெடையாது. கடியாரம் பொய் சொல்லும், உன் ஜெபம் சொல்லாது."

கல்யாணமாகி முதல் தடவையாக என் ஜெபத்தை நம்பினார். அந்த வாரமே நான் அதில் கை வைத்தேன்.

முதல் நாள் இழுத்துத்தான் சொன்னேன். பாதியில் அரிசி டிரம் மேல் விழுந்தார். மறுநாள் கொஞ்சம் வேகம் கூட்டினேன். வாரக் கடைசியில் அரக்கோணம் ஃபாஸ்ட் லோக்கல் போல எந்த ஸ்டேஷனிலும் நிற்காமல் நேரே ஆமெனில் போய் நின்றேன்.

"ரெண்டு வாட்டி ஆயிடுச்சா?"

"ஆயிடுச்சுங்க."

"பாத்தியா! இன்னொரு ஜெபம் கூடத் தாங்குவேன் போலக்குது!"

குழந்தை மாதிரிச் சிரித்தார். நான் அடுப்படிக்குப் போய், மன்னிப்புக் கேட்டு நிதானமாக ஒரு ஜெபம் செய்தேன்.

டெஸ்ட் அன்றைக்கு அன்புதான் அவரைப் பைக்கில் கூட்டிப் போனான். சாயங்காலம் திரும்பி வந்தார்கள்.

"இருபத்தெட்டு செகண்ட்ல உழுந்துட்டேன் சாராள். அவன் கடியாரம் ரிப்பேரு. உன் ஜெபத்துல எத்தினி நாளு தாண்டிக்கிறேன்! கீழ நிக்கச் சொல்லிட்டான்."

கடியாரத்தின் மேல் சந்தேகம் வந்தது, என் மேல் வரவில்லை. அதுதான் குத்தியது. ஆனாலும் உள்ளுக்குள் ஸ்தோத்திரம் சொன்னேன்.

"பேஜார் ஆவாதீங்க. உசுரு கீதுல்ல" என்று டீ கொடுத்தேன். டம்ளர் நழுவி விழுந்தது.

"நான் இன்னாத்துக்கு பேஜார் ஆவணும்? என் எடம் வெளிய போவல. நம்ம அன்பு சும்மா தொங்கிப் பாத்தான். மூணு நிமிஷம்! அங்கியே கையெழுத்து வாங்கிக்கினாங்க. திங்கக்கிழமை ஒடிசா."

தரையில் ஓடிய டீயைத் துடைக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. அன்பு பலகையைக் கழற்றிப் பையில் வைத்தான். அளவெடுத்தது போல அடங்கியது. பிறகு என் காதருகே குனிந்தான்.

"எனக்கு நீ ஜெபம் மட்டும் பண்ணும்மா. டைம் நான் போன்ல பாத்துக்கிறேன்."