முதல் மிதியிலேயே நின்ற வண்டி

பழைய கார் வைத்திருப்பவர்களிடம் எதை வேண்டுமானாலும் பேசுங்கள், "பிரேக் ஹோஸை மாத்தினா என்ன?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். பாதிப் பேர் ஓடுகிற வண்டியை எதற்கு நோண்டுகிறாய் என்பார்கள். மீதிப் பேர் அங்கேயே மல்லாந்து படுத்து வண்டிக்கு அடியில் தலையை விடுவார்கள். நான் இரண்டாவது ரகம். அதனால்தான் என் மானம் ஜவ்வாது மலையின் ஒரு கொண்டை ஊசி வளைவில் போனது.

எழுபதுகளின் கடைசி. அப்பாவுக்குப் போளூரில் மருந்துக் கடை. நான் பெண்கள் பள்ளியில் விஞ்ஞான டீச்சர். எங்கள் கார் கப்பலில் வந்த வெளிநாட்டு வண்டி, என்னைவிட மூத்தது. அதை நிறுத்த மூன்று மிதி வேண்டும். முதல் மிதி வண்டிக்குத் தகவல் சொல்ல. இரண்டாவது மிதி கெஞ்ச. மூன்றாவது மிதியில்தான் அது நிற்பதைப் பற்றி யோசிக்கவே ஆரம்பிக்கும். அப்பா எனக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தபோதே "தொம், தொம், தொம்" என்று தாளம் போட்டுத்தான் கற்றுக்கொடுத்தார். சைக்கிளில் பிரேக் பிடித்தால்கூட எனக்கு மூன்று முறை விரல் மடங்கும்.

பிள்ளைகளுக்குத் திரவ அழுத்தம் பாடம் நடத்தும்போதுதான் ஞானம் வந்தது. பிரேக் எண்ணெயைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகிற ரப்பர் குழாய், அதுதான் ஹோஸ், பழசாகி, மிதிக்கும்போதெல்லாம் பலூன் மாதிரி உப்புகிறது. என் கால் பலமெல்லாம் உப்புவதிலேயே போய்விட்டால் சக்கரத்துக்கு என்ன மிஞ்சும்? அப்பாவிடம் கரும்பலகை இல்லாமலே பாடம் எடுத்தேன்.

"இத்தனி வருசமா நின்னுதானே கீது?" என்றார் அப்பா.

"நிக்குதுப்பா. நம்ம சொன்ன எடத்துலயா நிக்குது?"

ஒரு மாதம் நச்சரித்து ஜெயித்தேன். மெட்ராஸிலிருந்து புது ஹோஸ்கள் வரவழைத்து, மாட்டி, குழாய்க்குள் புகுந்த காற்றை வெளியேற்றி, ஒரு சனிக்கிழமை வண்டி கைக்கு வந்தது. கடைத்தெருவில் மெதுவாக ஓட்டி, பூ மாதிரி மிதித்துப் பார்த்தேன். நின்றது! அன்று எனக்கு இருந்த கர்வத்தில் பாதியை விற்றிருந்தால் இன்னொரு கார் வாங்கியிருக்கலாம்.

மறுநாள் சர்ச்சில் ஆராதனை முடிந்ததும் வேலூரிலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். பையன் பெயர் ஜெயராஜ், பேங்க்கில் வேலை. அவனுடைய அப்பா ஓய்வுபெற்ற தலைமை எழுத்தர், ஆறடி உயரம், தொட்டால் ஒடிந்துவிடும் அளவுக்குக் கஞ்சி போட்ட சட்டை. அம்மா பட்டுப் புடவையில். நகை, சீர் பற்றிச் சாயங்காலம் பேசுவார்கள் என்று தரகர் முன்கூட்டியே சொல்லியிருந்தார். அப்படி ஏதாவது கேட்டால் எழுந்து உள்ளே போய்விடுவேன் என்று நான் அப்பாவிடம் சத்தியம் செய்திருந்தேன். சிக்கல் என்னவென்றால், அந்தப் பையனை எனக்குப் பார்த்தவுடனே பிடித்துத் தொலைத்துவிட்டது.

ஜெயராஜின் அம்மாவுக்கு மலைத்தேன் வேண்டுமாம். என் அப்பாவுக்கோ அந்த வாரம் மெட்ராஸ் ஐ. கறுப்புக் கண்ணாடிக்குள்ளிருந்து, "என் பொண்ணே ஓட்டுவா, நீங்க போய்ட்டு வாங்க" என்று பெருமையடித்துவிட்டார். ஜெயராஜின் அப்பா முன் சீட்டில் உட்கார்ந்து, கண்ணை மூடி ஒரு சின்ன ஜெபம் செய்தார். (நான் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டார்.)

ஏறும்போது ஒரு குறையும் இல்லை. மலைமேல் ஜமுனாமரத்தூரில் ஒரு வீட்டில் புதுத்தேன் வாங்கினோம். தண்ணீர் மாதிரி ஓடுகிற தேன், ஒரு பெரிய தகர டப்பா நிறைய, வாயில் இலையைச் சுருட்டி அடைத்தது. ஜெயராஜின் அம்மா அதைப் பின் சீட்டில் மடியில் வைத்துக் கட்டிக்கொண்டார்.

இறங்கும்போது இரண்டாவது கியரில் அடக்கமாகத்தான் வந்தேன். ஒரு வளைவு திரும்பியதும் சாலையின் குறுக்கே ஒரு பசு நின்றது. நான் படித்த விஞ்ஞானமெல்லாம் தலையில் இருந்தது, காலில் இல்லை. கால் தன் வழக்கப்படி, மொத்த பலத்தோடு "தொம்" என்றது.

முதல் மிதியிலேயே வண்டி ஆணி அடித்தாற்போல் நின்றது. அதற்குப் பிறகும் என் கால், நின்ற வண்டியை இன்னும் இரண்டு முறை நிறுத்தியது.

நல்லவேளை, யாருக்கும் அடி இல்லை. இலை மட்டும் பறந்தது. இலைக்குப் பின்னாலேயே தேன். ஜெயராஜின் அப்பாவுக்கு உச்சந்தலை முதல் கஞ்சிச் சட்டை வரை அபிஷேகம். என் முதுகு, ஜெயராஜின் மூக்குக் கண்ணாடி, அவன் அம்மாவின் பட்டு, ஒன்றும் தப்பவில்லை. பசு எங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஒதுங்கிப் போனது.

"இன்னாம்மா இது!" என்றார் ஜெயராஜின் அப்பா. அதற்கு மேல் பேச வாயைத் திறந்தால் தேன் உள்ளே போனது.

பின்னால் இருந்து ஒரு குரல் வந்தது: "பிரேக் நல்லாப் புடிக்குதுங்க." ஜெயராஜ் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான். எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

கொஞ்ச நேரத்தில் தேனீக்கள் வந்தன. ஜன்னல் கண்ணாடிகளை ஏற்றினோம். அதில் ஜெயராஜ் பக்கத்துக் கண்ணாடி ஏற்றினால் நிற்காது, சரிந்துவிடும். (ஹோஸ் மாற்றிய புத்திசாலிக்கு அது நினைவில் இல்லை.) பாவம், அடிவாரம் வரை இரண்டு உள்ளங்கையாலும் அதைத் தாங்கிப் பிடித்துக்கொண்டே வந்தான். உள்ளே அடுப்பு மாதிரி வெந்தது. கல்யாணம் போச்சு என்று நான் முடிவே கட்டிவிட்டேன்.

வீட்டு வாசலில் எங்களைப் பார்த்த என் அம்மா நேரே போய்த் தவலையில் வெந்நீர் வைத்தாள். ஒருவர் பின் ஒருவராகக் குளித்தார்கள். ஜெயராஜின் அம்மா என் அம்மாவின் பழைய நூல் புடவைக்கு மாறி, தலையை அவளிடம் கொடுத்துவிட்டு உட்கார்ந்தார். சிக்கு எடுக்க எடுக்க இரண்டு பேரும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள்.

ஜெயராஜின் அப்பா பாடுதான் மோசம். என் அப்பா ஐந்தடிக்குக் கொஞ்சம் மேல், ஒல்லி. அவருடைய நீலக் கட்டம் போட்ட லுங்கி, வந்தவருக்கு முழங்காலைத் தாண்டவில்லை. தொப்பையைச் சுற்றி வந்ததே பெரிய விஷயம், முடிச்சுக்குத் துணி மிஞ்சவில்லை. சட்டை எதுவும் தோளில் ஏறாததால் மேலே ஒரு துண்டு. அவருடைய துணியெல்லாம் கொடியில் சொட்டிக்கொண்டிருந்தது. அது காய்கிற வரைக்கும் எங்கும் போக முடியாது.

காபி வந்தது. அவர் தொண்டையைச் செருமினார். நான் எழுந்து உள்ளே போகத் தயாராகக் கதவைப் பிடித்துக்கொண்டேன்.

"நாங்க பேச வந்த விசயம் இன்னான்னா..." என்று ஆரம்பித்து, எண்ணிச் சொல்ல வலது கையைத் தூக்கி ஒரு விரலை மடக்கினார். லுங்கி நழுவியது. சட்டென்று இடுப்பைப் பிடித்தார். "மொதல்ல..." என்று மறுபடி கையைத் தூக்கினார். மறுபடி நழுவியது. மூன்றாவது முறை கையைத் தூக்கவே இல்லை. இரண்டு கையாலும் இடுப்பைப் பிடித்தபடி என் அப்பாவைப் பார்த்தார். கறுப்புக் கண்ணாடிக்குள் அப்பா எதைப் பார்த்தார் என்று தெரியவில்லை, உதடு மட்டும் துடித்தது.

"அட, இன்னாத்த கேக்கறது? பொண்ண அனுப்புங்க, போதும்" என்றார் ஜெயராஜின் அப்பா. சொல்லிவிட்டு அவரே முதலில் வெடித்துச் சிரித்தார். நான் கதவைப் பிடித்தபடியே நின்றேன். என் காதை என்னாலேயே நம்ப முடியவில்லை. துணி காய்ந்து கிளம்பும்போது அந்த லுங்கியையும் மடித்துக் கையோடு எடுத்துப்போனார்.

எங்கள் கல்யாணத்துக்கு இரண்டு வருடம் கழித்து, ஜெயராஜின் தங்கையைப் பெண் பார்க்க ஒரு கூட்டம் வந்தது. மாப்பிள்ளையின் பெரியப்பா சட்டையை நீவிவிட்டுக்கொண்டு, "எங்க பக்கத்து வழக்கம் இன்னான்னா..." என்று விரலை மடக்க ஆரம்பித்தார். என் மாமனார் எழுந்தார். மிக மரியாதையாகக் குனிந்து அவர் கையைப் பிடித்தார்.

"பேசலாங்க, தாராளமா பேசலாம். அதுக்கு முன்ன உள்ள வந்து குளிச்சிட்டு, என் மருமவ அப்பா லுங்கிய ஒரு தபா கட்டினு வந்துருங்க."