பால்டி அக்காவின் நீலத் தொட்டி

மலேசியாவின் பாசிர் கூடாங்கில் பூமியே பிளந்தாலும், மாலை நான்கிலிருந்து ஐந்து வரை பால்டி அக்கா கதவைத் திறக்க மாட்டார். அது பிள்ளைகள் குளிக்கும் நேரம்.

பால்டி என்றால் வாளி. கையில் வாளி இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை. அதனால் அந்தப் பெயர். ஷிப்ட் வேலைக்காரர்கள் நிறைந்த எங்கள் அடுக்குமாடியின் கீழ்வீட்டில் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டார். இரண்டு பேருக்கு மேல் சேர்க்க மாட்டார். இரண்டு கண்ணுக்கு இரண்டு பிள்ளை என்பது அவர் கணக்கு.

நீலத் தொட்டியில் ஒரு சாண் தண்ணீர். அதில் குவளை, வடிகட்டி, ஸ்பாஞ்ச், படகு. "ஸ்பாஞ்ச பிழியுற கைதான் தம்பி நாளைக்கு பென்சில் பிடிக்கும்" என்பார். கடையில் பொம்மை வாங்கப் போனால் முதலில் தன் பல்லால் கடித்துப் பார்ப்பார். கடைக்காரப் பெண் அலறினால், "புள்ள கடிக்கும் இல்ல? நான் மொதல்ல கடிக்கிறேன் லா" என்று அடுத்ததை எடுப்பார்.

ஒருநாள் அவர் அடுப்பில் வைத்த குழம்பு கருகிப் புகை மாடி வரை ஏறியது. யாரோ தீயணைப்பு வண்டியைக் கூப்பிட்டுவிட்டார்கள். கம்பிக்கதவை அறுத்து உள்ளே பாய்ந்தவர்களைப் பார்த்து, தொட்டிப் பக்கத்தில் உட்கார்ந்தபடியே அக்கா மலாயில் சொன்னாராம்: "அடுப்பு உங்க வேலை. புள்ள என் வேலை. கத்தாதீங்க, பயப்படுது."

என் மகன் கவினை நான் அவரிடம் விட்டது, என் மனைவி மலர் இறந்த பிறகு. காலை ஷிப்டுக்கு மோட்டார் சைக்கிளில் போனவளை லாரி அடித்துவிட்டது. கவினுக்கு அப்போது இரண்டு வயது. தெரிந்த பத்துப் பதினைந்து வார்த்தைகளையும் அன்றோடு நிறுத்திவிட்டான்.

ஏதாவது செய்ய வேண்டுமே என்று, அமுக்கினால் கத்தும் ரப்பர் வாத்து ஒன்றை வாங்கிக்கொண்டு போனேன். அக்கா அதைத் திருப்பிப் பார்த்து, அடியிலிருந்த ஓட்டையைப் பசை வைத்து அடைத்தார்.

"உள்ள தண்ணி போனா கறுப்பா பூஞ்சணம் புடிக்கும்."

"அப்புறம் வாத்து கத்தாதே அக்கா!"

"கத்தாட்டி என்ன? மிதக்கும் இல்ல?"

என் பையனும் பேசவில்லை, அவன் வாத்தும் பேசவில்லை.

ஒவ்வொரு முறை தண்ணீர் ஊற்றும் முன்பும் அக்கா முழங்கையால் தொட்டுப் பார்த்து, "சூடா?" என்று கவினைக் கேட்பாராம். பதில் வரும்வரை காத்திருப்பாராம். பதில் வராது, தண்ணீர்தான் ஆறிப்போகும். மறுநாளும் கேட்பார்.

ஆறு மாதம் போயிருக்கும். எனக்கு விடுமுறை நாள். அக்கா போன் செய்தார். "நாலு மணிக்கு வா. நீ பாக்கணும்." குளியல் நேரத்தில் அவர் கதவைத் திறந்து நான் பார்த்தது அன்றுதான்.

கவின் தொட்டிக்குள் உட்கார்ந்திருந்தான். வாத்தை எடுத்துத் தொட்டி விளிம்பில் படுக்க வைத்தான். நனைந்த வெள்ளைத் துண்டால் தலையிலிருந்து வால் வரை மூடினான். பிறகு கையைக் கட்டிக்கொண்டு அதையே பார்த்தான். சற்று நேரம் கழித்துத் துண்டை எடுத்தான். மறுபடி மூடினான்.

எங்கள் வீட்டுக் கூடத்தில் மலரைக் கிடத்தியிருந்தது அப்படித்தான்.

"இது என்ன விளையாட்டு? யார் சொல்லிக் குடுத்தது?" என்று கத்தினேன்.

"நான் சொல்லிக் குடுக்கல தம்பி. பாத்தத சொல்றான். வாய் வரல, கையால சொல்றான். ஒரு வாரமா இதேதான்." அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை, கண் பிள்ளைகள் மேல். "அம்மா எங்கன்னு நீ அவன்கிட்ட என்ன சொன்ன?"

"சிங்கப்பூர்ல வேலைன்னு."

"படுத்திருந்தத பாத்தவன்கிட்டயா?"

எனக்குக் கோபம் வந்தது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விடலாம் என்று குனிந்தேன். அவன் துண்டின் நுனியை இறுக்கிப் பிடித்திருந்தான். குனிந்தவன் அப்படியே ஈரத்தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"கவின்... அம்மா சிங்கப்பூர்ல இல்ல ஐயா. அம்மா செத்துட்டாங்க. இனிமே வர மாட்டாங்க. அப்பா பொய் சொல்லிட்டேன்."

அவன் அழவில்லை. நான்தான் அழுதேன். என் முகத்தைப் பார்த்தான். பிறகு ஒரு குவளைத் தண்ணீரை எடுத்து என் கையில் மெதுவாக ஊற்றினான்.

"சூடா?" என்றான்.

நான் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

"கேக்குறான் இல்ல, பதில் சொல்லேன்!" என்று அதட்டினார் அக்கா. அவர் குரலும் சரியாக இல்லை.

"இல்ல ஐயா. சூடா இல்ல."

அதற்குப் பிறகும் எல்லாம் ஒரே நாளில் சரியாகிவிடவில்லை. அம்மாவைக் கேட்டான், இரவெல்லாம் கேட்டான், நான் ஒவ்வொரு முறையும் உண்மையையே சொன்னேன். மெல்ல மெல்ல மற்ற வார்த்தைகளும் வந்தன.

இந்த வருடம் அவனைப் பள்ளியில் முதலாம் ஆண்டில் சேர்த்தேன். பள்ளிப் படிவத்தில், அவசரத்துக்கு யாரைக் கூப்பிடுவது என்று ஓர் இடம். பேனாவை எடுத்த பிறகுதான் உறைத்தது, அக்காவின் பெயர் எனக்குத் தெரியாது. கீழே இறங்கிப் போய்க் கேட்டேன்.

"எதுக்கு?" என்று சந்தேகமாகப் பார்த்தார். படிவத்தை வாங்கி, கண்ணுக்கருகில் வைத்து மேலிருந்து படித்தார். "அம்மா எடத்துல மலர் பேர எழுதிட்டியா?"

"எழுதிட்டேன்."

"அப்ப சரி" என்று தன் பெயரைச் சொன்னார்.

அந்தப் படிவத்தில் நான் மிக மெதுவாக, மிக அழகாக எழுதியது அதைத்தான்.