அப்பா கையெழுத்துப் போட்ட ஞாயிறுகள்

என் அப்பா போன ஆகஸ்டில் ஒரு மாபெரும் முடிவு எடுத்தார். இனி வாழ்நாளில் அம்மாவிடம் "முடியாது" என்று சொல்வதில்லை.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. எனக்கும் ஒரு வாரம் அப்படித்தான் இருந்தது.

அப்பா சுந்தர்ராஜ், சிவகாசியில் ஒரு காலண்டர் அச்சகத்தில் புரூஃப் பார்க்கிறவர். இருபத்திரண்டு வருடத்தில் ஒரு பிழைகூட அவர் கையைத் தாண்டி வெளியே போனதில்லை. ராகு காலம் அரை மணி தள்ளி அச்சாகிவிட்டதாகக் கனவு கண்டு அலறியிருக்கிறார். முதலாளி லட்சுமிகாந்தம் ஆர்டர் கொடுக்கும் வெளியூர் பார்ட்டிகளிடம் "இவருதான் பிழையில்லாத சுந்தர்ராஜ்" என்றுதான் அறிமுகப்படுத்துவார். அந்தப் பட்டத்தை ரேஷன் கார்டில் ஏற்றாததுதான் பாக்கி.

அதே முதலாளிக்கு ஒரு கொள்கை உண்டு. பார்ட்டியிடம் இல்லை என்ற சொல் வரக்கூடாது. பூனேயிலிருந்து போன் வந்தால், "வீ வில் லெட் யூ நோ வென் தி ஜாப் இஸ் ரெடி." பார்ட்டி குளிர்ந்து போய் போனை வைப்பார். இங்கே மெஷினில் பேப்பர்கூட ஏறியிருக்காது. அப்பா இதை வருடக்கணக்காகப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறார். ஆகஸ்டில் வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

அம்மா இன்பம், நர்ஸ். பட்டாசு ஆலையில் விபத்து என்று போன் வந்தால் பாதிச் சோற்றில் கை கழுவிக்கொண்டு ஓடுவார். பதினெட்டு வருட அனுபவம். ஆனால் தீக்காயத்துக்கென்று தனியாகப் படித்த சான்றிதழ் இல்லாததால், நேற்று வந்த பிள்ளைகளுக்குக் கீழே வேலை பார்க்கிறார்.

"இங்கேருங்க," என்றார் ஒரு நாள், "மதுரைல தீக்காய நர்சிங் படிப்பு ஆரம்பிக்கிறாக. சனவரிலருந்து ஒரு வருசம். சனியும் ஞாயிறும்தான். சேரட்டா?"

"ஐ வில் பி ஹேப்பி இஃப் யூ ஜாயின்."

அம்மா முகம் அப்படியே பூத்துவிட்டது. "அப்ப அந்த ரெண்டு நாளும் அடுப்படிய நீங்க பாத்துக்கிறீகளா?"

"ஐ வில் சீ வெதர் இட் இஸ் பாசிபிள்."

"எப்பச் சொல்லுவீக?"

"ஐ வில் டெல் யூ வென் தி சீசன் இஸ் ஓவர்."

நான் மூலையில் உட்கார்ந்து நோட்டில் எழுதிக்கொண்டிருந்தேன். தினமும் பஸ் ஏறிப் போய் மதுரையில் எம்.ஏ. ஆங்கிலம் படிக்கிறேன். எங்களுக்குக் கொடுத்திருந்த ப்ராஜெக்ட், அன்றாடப் பேச்சில் எதிர்கால வினைகள் எப்படித் துணைவாக்கியங்களை இழுத்துக்கொண்டு வருகின்றன என்பது. ஐம்பது உதாரணம் வேண்டும். கூடப் படிக்கிறவர்கள் இணையத்தில் தேடி அலைந்தார்கள். நான் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையை விட்டு எழுந்திருக்கவில்லை.

நாற்பதாவது உதாரணத்தில் எனக்குப் பொறுக்கவில்லை.

"அப்பா, நீங்க செய்றது ஏமாத்து."

"எதச் சொல்ற ஜாஸ்பின்?"

"சொன்னதையே தமிழ்ல சொல்லுங்க பாப்போம்."

அப்பா முயன்றார். "சீசன் முடிஞ்சதும்... முடியுமா முடியாதான்னு... பாத்து... சொல்றேன்." முகத்தைச் சுளித்தார். "இது கேக்க நல்லால்லயே."

"எப்படி நல்லாருக்கும்? தமிழ்ல சாக்கு முன்னால வருது, சொல்றேன்ங்கிறது கடைசில வருது. சாக்கு வரும்போதே கேக்கிற ஆளு முழிச்சுக்கிருவாக. இங்கிலீஷ்ல வில் முன்னால போகுது. இஃப்பும் வென்னும் அது முதுகுக்குப் பின்னால ஒளிஞ்சு வருது. அம்மா வில்லக் கேட்டுச் சிரிச்சு முடிக்கிறதுக்குள்ள நீங்க செருப்ப மாட்டிட்டுக் கெளம்பிர்றீக."

அப்பா என்னைப் பூரிப்போடு பார்த்தார். "எம்புட்டு அழகா வெளக்குற. இத ப்ராஜெக்ட்ல எழுதிட்டியா?"

இப்படிப்பட்ட மனிதரோடு எதை வைத்து வாதாடுவது?

தீபாவளி போயிற்று. "சீசன் முடிஞ்சிருச்சுல்ல?" என்றார் அம்மா.

"அது பட்டாசு சீசன். நான் சொன்னது காலண்டர் சீசன்."

காலண்டர் முடிந்தால் டைரி. டைரி முடிந்தால் பள்ளிக்கூட நோட்டு. சிவகாசியில் சீசன் முடிய வேண்டுமென்றால் உலகத்தில் பேப்பர் தீர வேண்டும். விண்ணப்பத்துக்குக் கடைசி நாளோ டிசம்பர் பத்து.

"இவர்கிட்ட எதுக்கும்மா கேட்டுட்டு இருக்கீக? பாரத்தப் பூர்த்தி செஞ்சு அனுப்புங்க," என்றேன்.

"அனுப்பிரலாம். எங்கூட வேலை பாக்குற மூணு பேரு அப்படித்தான் போய்ச் சேந்தாக. மூணாவது வாரம் வீட்டுல சோறில்லன்னு சண்டை. அஞ்சாவது வாரம் நின்னுட்டாக. எனக்குச் சேரணும்னு இல்ல. முடிக்கணும்." அவ்வளவுதான் சொன்னார். குரலைக்கூட உயர்த்தவில்லை. எனக்கு அம்மா மேலும் கோபம் வந்தது.

எங்கள் சபையின் பெண்கள் சங்கம் வருடா வருடம் நானூறு தினசரி காலண்டர் அடித்து வீட்டுக்கு வீடு கொடுக்கும். தாளில் மேலே வசனம். கீழே, இன்று யார் வீட்டில் ஜெபம், யாருக்குப் பிறந்தநாள் என்ற விவரம். அம்மாதான் சங்கச் செயலாளர், அந்த விவரங்களை எழுதிக் கொடுப்பதும் அவர்தான். அடிப்பது அப்பாவின் அச்சகத்தில். நவம்பரில் ஒரு நாள் அம்மா புரூஃப் கட்டை அப்பாவின் மடியிலேயே வைத்தார்.

"ஒரு எழுத்து விடாம பாருங்க. பெறகு தப்புன்னு சொல்லப்படாது."

"ஐ வில் டெல் யூ இஃப் தேர் இஸ் எனி மிஸ்டேக்."

மறுநாளும் கேட்டார். "பாத்தீகளா?"

"ஐ வில் ரீட் இட் வென் ஐ கெட் டைம்."

மூன்றாம் நாளும் அதே கேள்வி, அதே பதில். நான்காம் நாள் அச்சகத்தில் மேஜை உயரத்துக்குப் புரூஃப்கள். வீட்டுக் கட்டுதானே, வசனத்தில் யார் பிழை கண்டுபிடிக்க முடியும் என்று அப்பா பிரிக்காமலே 'அச்சடிக்கலாம்' என்று கையெழுத்துப் போட்டுவிட்டார்.

டிசம்பர் முதல் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் காலண்டர் கொடுத்தார்கள். மத்தியானம் பக்கத்து வீட்டுப் பாண்டிலட்சுமி அக்கா வந்தார். விஸ்வநத்தத்தில் பட்டாசு வேலைக்குப் போகிறவர். அவருக்கும் அம்மா வருடா வருடம் ஒன்று கொடுப்பார். மகள் பிறந்தநாள் என்ன கிழமை என்று புரட்டியவர் நின்றார்.

"அண்ணே, சனவரி மொத ஞாயிறு ஒங்க சமையலா?"

"எங்க?"

"இங்கன போட்டிருக்குல்ல. 'இன்று திருமதி இன்பம் மதுரையில் படிப்பு. வீட்டில் சமையல்: திரு. சுந்தர்ராஜ்.'" நாலைந்து தாளைத் தள்ளினார். "அடுத்த ஞாயிறும் நீங்கதான்." இன்னும் தள்ளினார். "ஈஸ்டருக்குக்கூட லீவு விடல போலயே."

அப்பா காலண்டரை வாங்கினார். பழக்க தோஷம், முதலில் எழுத்துப்பிழை தேடினார். இல்லை.

"இன்பம், என்ன இது?"

"காலண்டரு."

"நானூறு வீட்டுல தொங்குமே."

"ஆமா. காரியாபட்டில இருக்கிற ஒங்க தங்கச்சிக்கும் ஒண்ணு அனுப்பிட்டேன்."

"இது தப்பு."

"தப்பா?" அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்து எதிரில் உட்கார்ந்தார். "தப்பிருந்தா சொல்றேன்னீக. நீங்க சொல்லல. கையெழுத்தும் போட்டிருக்கீக. சரி, இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகல. நாளைக்கு முதலாளிகிட்டப் போயி, ஒரே புரூஃப்ல அம்பத்திரண்டு தப்ப விட்டுட்டேன்னு சொல்லுங்க. திருப்பி அடிச்சுத் தருவாரு."

அப்பா முதல் தாளிலிருந்து ஒவ்வொன்றாகப் புரட்டத் தொடங்கினார். பாண்டிலட்சுமி அக்கா, "எங்க வீட்டுக்காரருக்கும் ஒண்ணு அடிக்கணும் மதினி," என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் அச்சகத்தில் நடந்ததை அப்பாவே ஒப்புக்கொண்டார். வேறு யார் சொல்லியிருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன். முதலாளி அறையில் பூனே பார்ட்டி உட்கார்ந்திருக்கிறார். பிழையில்லாத சுந்தர்ராஜ் என்ற அறிமுகம் அப்போதுதான் முடிந்திருக்கிறது. மேஜையில் எங்கள் சபைக் காலண்டர்.

"என்னவே சுந்தர்ராஜு, ஞாயித்துக்கிழமையெல்லாம் ஒம்ம பேரு கெடக்கு. புரூஃப்ல விட்டுட்டீரோ?"

இருபத்திரண்டு வருடம் ஒரு தட்டில், ஐம்பத்திரண்டு ஞாயிறு ஒரு தட்டில். பூனேக்காரர் என்ன விஷயம் என்று ஆங்கிலத்தில் கேட்டார். முதலாளி விளக்கினார். இருவரும் அப்பாவைப் பார்த்தார்கள்.

"நோ மிஸ்டேக் சார்," என்றார் அப்பா. "ஐ வில் குக்."

பின்னால் ஒரு இஃப், ஒரு வென், எதையாவது ஒட்டவைக்கத் தேடினாராம். அதற்குள் பூனேக்காரர் எழுந்து கை கொடுத்துவிட்டார்.

அன்று சாயங்காலமே அம்மா விண்ணப்பத்தை அனுப்பினார். அப்பா அடுப்படியில் நின்று, துவரம்பருப்பு எது, கடலைப்பருப்பு எது என்று கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை. எத்தனை மாதம் நான் வாதாடியும் நடக்காததை அம்மா ஒரு தாளில் முடித்துவிட்டார். இருந்தாலும் ஒரு ஓட்டையைக் கண்டுபிடித்தேன். விடுவேனா.

"எல்லாம் சரிம்மா. ஆனா வகுப்பு சனிக்கிழமையும் இருக்கே. அத எப்படி விட்டீக?"

"நான் எங்க விட்டேன்? நீ எங்க பாத்த?"

அடுப்படியில் அப்பா இருமினார். புரூஃப்காரர் அல்லவா, நேற்றே எல்லாத் தாளையும் பார்த்திருக்கிறார்.

சனிக்கிழமைத் தாளைப் புரட்டினேன். 'வீட்டில் சமையல்: செல்வி ஜாஸ்பின், எம்.ஏ.'

நான் இன்னும் எம்.ஏ. முடிக்கவில்லை, அந்தக் காலண்டரில் நான் வாதாடுவதற்கு மிச்சமிருந்த ஒரே பிழை அதுதான்.