மூக்கிலிருந்து வந்த பொறாமை

பூநகரிக்கு பஸ் வருவதே அருமை. அந்த மாதம் வந்த பஸ்கள் எல்லாம் பரு வந்த முகங்களை ஏற்றிக்கொண்டு வந்தன. பூநகரிச் சாமியார் சிவராசா ஐயா முகத்திலிருந்து கண்ணூறை, அதாவது கண் திருஷ்டியை, புழுவாக உருட்டி எடுக்கிறார் என்று வன்னி முழுக்க ஒரே கதை. காணிக்கைத் தட்டு நிரம்பி வழிந்தது. வரிசையில் வாத்தியார் நின்றார், வங்கிக்காரர் நின்றார். தன்னைப் பெரிய கெட்டிக்காரன் என்று நினைத்திருந்த ரஜிதன் என்றொருவனும் நின்றான். நான்தான் அவன்.

கிளிநொச்சியில் போன் திருத்துகிறேன். ஒரு போன் சூடாகிறது என்றால் கழற்றிப் பார்க்காமல் காரணம் சொல்ல மாட்டேன். என் மூக்கு என்றதும் அந்தப் புத்தியைக் கடையிலேயே வைத்துப் பூட்டிவிட்டு வந்தேன். கலியாணம் நெருங்கிவிட்டது, மூக்கெல்லாம் கரும்புள்ளி.

ஐயா கிண்ணத்துப் பசையை என் மூக்கில் தடவி விரலால் உருட்டினார். வெள்ளைப் புழுக்கள் உதிர்ந்தன! கூட்டம் “முருகா!” என்றது. என் மூக்குக்கு நானே கும்பிடு போட்டேன்.

“கரும்புள்ளி அயலட்டைச் சனத்தின்ர கண்ணூறு. வெள்ளைப்புள்ளி சொந்த இரத்தத்தின்ர எரிச்சல். தம்பி, உமக்கு அக்கா இருக்கிறாவோ?”

“ஓம் ஐயா!” பாதி ஊருக்கு அக்கா இருக்கிறது என்பது அப்போது உறைக்கவில்லை.

“அவான்ர கை உம்மட முகத்தில படக்கூடாது.”

என் அக்கா ஜெயரூபி வவுனியாவில் பார்லர் நடத்துகிறாள். கரும்புள்ளி எடுப்பதை முறையாகப் படித்தவள். “வாடா, ஆவி பிடிச்சு இளக்கிப் பக்குவமா எடுத்துவிடுறன்” என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தவள். அதுதான் எரிச்சலாம்! போன் எடுத்து, “நீ என்ர கலியாணத்துக்கு வரவேண்டாம்” என்றேன். அவள் போனை வைத்துவிட்டாள். அம்மா அழுதாள். நான் மூக்கைத் தடவிப் பார்த்துக்கொண்டேன்.

மறுமுறை ஐயாவிடம் போனபோது அக்கா அங்கே நின்றாள். அம்மா சொல்லி வந்திருக்கிறாள். என்னைத் தாண்டி நேரே போய்க் கிண்ணத்தில் விரலை விட்டாள். ஐயா உட்கார்ந்திருந்த பிளாஸ்டிக் கதிரையின் கைப்பிடியில் பசையைத் தடவி உருட்டினாள்.

கதிரையிலிருந்து புழு உதிர்ந்தது. என் மூக்குப் புழுவைவிடக் கொழுத்தது.

“ஐயா, கதிரைக்கு ஆர் கண் வைச்சது? இதுக்கும் ஒரு அக்கா இருக்கிறாவோ?”

“தெய்வத்தோட விளையாடாதேங்கோ!” என்று ஐயா எழும்பினார். அதற்குள் அன்றும் வரிசையில் நின்ற வாத்தியார் தன் குடைப்பிடியில் தடவிப் பார்த்தார். குடைக்கும் கண்ணூறு! வங்கிக்காரரின் ஹெல்மெட்டுக்கு இன்னும் மோசம். சனம் கிண்ணத்தில் மொய்த்த நேரத்தில் ஐயா பின்வேலியால் பாய்ந்துவிட்டார். காணிக்கைத் தட்டை மட்டும் மறக்கவில்லை.

“காயுற பசையை உருட்டினால் திரளும். அவ்வளவுதான்” என்றாள் அக்கா.

மறுநாள் அவளுடைய பார்லரில் படுத்திருந்தேன். ஆவி பிடித்து, சின்ன வளையக் கம்பியால் ஒவ்வொன்றாக எடுத்தாள்.

“நோகுதோ?”

“ஓம்.”

“நோகட்டும். எனக்கும் நொந்ததுதானே.”

கண் கலங்கியது, கம்பியால் என்று சொல்லிச் சமாளித்தேன்.

“அக்கா, கலியாணத்துக்கு...”

“வருவன். இஞ்ச பார், எண்ணெயும் செத்த தோலும். ஒருத்தற்ர பொறாமையும் இல்லை. மூக்கில அடைச்சதை நான் எடுத்திட்டன். மண்டைக்குள்ள அடைச்சதை நீதான் எடுக்கவேணும்.”

என்னைப் பார்த்துச் சிரிக்கும் பெருமக்களே, சிரியுங்கள். ஆனால் மண்டைக்கு ஒரு பார்லரும் கிடையாது. கொஞ்சம் யோசியுங்கள்!