நான்கை அழுத்தினால் நான்

ஆங்கிலம் ஒன்றல்ல, ஒன்பது என்று நான் கண்டுபிடித்த அன்றே எனக்குக் கெட்ட காலம் ஆரம்பித்துவிட்டது.

என் உத்தியோகம் அப்படி. துணி துவைக்கும் மெஷின் விற்கும் ஒரு கம்பெனிக்கு வீட்டில் உட்கார்ந்தபடியே போனில் பதில் சொல்கிறேன். உலகத்தில் எந்த மூலையில் மெஷின் நின்றாலும் என் தலைதான் உருளும். அமெரிக்கக்காரர் 'ட'வை விழுங்குவார். லண்டன்காரர் 'ர'வை விழுங்குவார். ஆஸ்திரேலியக்காரர் வாயைத் திறக்காமலே பேசி முடிப்பார். ஸ்காட்லாந்துக்காரரோ, லண்டன்காரர் விழுங்கிய 'ர'வையும் சேர்த்து உருட்டித் தள்ளுவார்.

வார்த்தையும் ஊருக்கு ஒன்று. ஒருமுறை ஓர் அமெரிக்க அம்மாள், முதல் மாடியில் மெஷின் ஒழுகுகிறது என்றாள். கீழ்வீட்டுக் கூரையைப் பாருங்கள் என்றேன். அவர்கள் ஊரில் தரைத்தளத்துக்குத்தான் முதல் மாடி என்று பெயராம். கீழே மண்தான் இருக்கிறது, வேண்டுமானால் தோண்டிப் பார்க்கிறேன் என்று போனை வைத்துவிட்டாள்.

அன்றைக்கு ஒரு சபதம் எடுத்தேன். இனி எந்த ஊர்க்காரர் பேசினாலும் அந்த ஊர் ஆங்கிலத்திலேயே பதில்!

மேலதிகாரி சந்தோஷப்பட்டார். ஸ்காட்லாந்துக்காரர்களுக்குப் போனில் தனியாக நான்காம் பொத்தான் வைக்கப்போவதாகவும், பயிற்சிக்கு ஆறு வாரம் தருவதாகவும் சொன்னார். பொத்தான் திறக்கும் நாளில் வரும் முதல் அழைப்புதான் பரீட்சை. பேசியவர் ஐந்து நட்சத்திரம் கொடுத்தால் நான் தலைமைப் பயிற்சியாளர். ஒன்று குறைந்தாலும் பழைய நாற்காலி. பதினோரு வருடமாக அந்த நாற்காலியில் உட்கார்ந்து முதுகு வளைந்துபோன எனக்கு இது உயிர்ப் பிரச்சினை.

ஆறு வாரம் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, ஸ்காட்லாந்துப் பேச்சுப் பதிவுகளைச் சத்தமாக ஓடவிட்டு 'ர'வை உருட்டினேன். அதே ஆறு வாரமாக எங்கள் வீட்டு மெஷினும் படுத்திருந்தது.

"என்னங்க, மெஷின்ல தண்ணி அப்படியே நிக்குது."

"ஷ்ஷ்! இப்பதான் 'ர' வந்திருக்கு. ஓடிப் போயிடும்."

"அது ஓடினா ஓடட்டும். தண்ணி ஓட மாட்டேங்குதே. தினம் சொம்பால மொண்டு ஊத்தறேன்."

"அடுத்த வாரம் பாக்கறேன்."

"போன வாரமும் இதைத்தானே சொன்னீங்க?"

"அப்ப நான் சொன்ன சொல் மாறாதவன்னு தெரியுதில்ல?"

அவள் பதில் பேசவில்லை. அவள் சண்டை போட்டால் நான் பயப்பட மாட்டேன். சும்மா இருந்தால்தான் பயப்பட வேண்டும். இது இருபது வருட அனுபவம், இருந்தும் அன்றைக்கு மறந்து தொலைத்தேன். அது போதாதென்று, "திங்கட்கிழமை காலையில பத்து மணிக்குத் திறக்கறாங்க. நாலை அழுத்தினா நான்தான்!" என்று அவளிடம் பத்துத் தடவை பீற்றிக்கொண்டேன்.

திங்கட்கிழமை. பத்துக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது, எதிர்வீட்டுத் தையல்காரம்மாவைப் பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லிக் கிளம்பினாள். தொல்லை விட்டது என்று ஹெட்போனை மாட்டினேன். பத்து மணிக்கு மணி அடித்தது. எங்கள் திரையில் யாருடைய நம்பரும் தெரியாது.

ஒரு ஸ்காட்லாந்து அம்மாள். என்ன உருட்டல்! மலையிலிருந்து பாறாங்கல் இறங்கி வருவதுபோல் 'ர' வந்து விழுந்தது. நானும் விடவில்லை, பதிலுக்கு உருட்டினேன். அந்த உருட்டலைத் தமிழில் கொண்டுவர முடியாது, சாரத்தை மட்டும் தருகிறேன்.

"மெஷின்ல தண்ணி நிக்குதுங்க. ஆறு வாரமா."

"ஆறு வாரமா! ஐயோ பாவம். வீட்டுல ஆம்பளை யாரும் இல்லையா?"

"இருக்கார். இருந்து என்ன பிரயோஜனம்?"

"என்ன வேலை பாக்கறார்?"

"ஊருக்கெல்லாம் யோசனை சொல்றார்."

"அந்த மாதிரி ஆளை நம்பவே நம்பாதீங்க அம்மா! பத்து நிமிஷ வேலை. கீழே வலது மூலையில சின்ன மூடி இருக்கும். அதுக்குள்ள சல்லடையில ஏதோ அடைச்சிருக்கு. ஒரு தட்டு, ஒரு பழைய துணி எடுத்து அந்த மனுஷன் கையில குடுங்க. தரையில படுக்கச் சொல்லுங்க."

"முதுகு வலின்னு சொல்வாரே."

"எல்லாம் நடிப்பு! வேலை முடியறவரைக்கும் காபியைக் கண்ணுல காட்டாதீங்க. கம்பெனியே சொன்னதா சொல்லுங்க. நான் பொறுப்பு."

"இதெல்லாம் பதிவாகுதுங்களா?"

"ஒவ்வொரு எழுத்தும் பதிவாகுது அம்மா!"

ரொம்ப நன்றி என்று அம்மாள் வைத்துவிட்டாள். நான் நாற்காலியில் ஒரு சுற்று சுற்றினேன். ஐந்து நட்சத்திரமும் கண்முன்னே மின்னின. வெற்றியைக் கொண்டாடச் சமையலறைப் பக்கம் திரும்பி, "ஒரு காபி!" என்று குரல் கொடுத்தேன்.

வாசல் கதவு திறந்தது. என் மனைவி வந்தாள். ஒரு கையில் தட்டு, தோளில் பழைய துணி, இன்னொரு கையில் போன்.

"முதல்ல படுங்க," என்றாள். 'ர' இல்லாத வாக்கியத்திலும் எனக்கு அந்த உருட்டல் கேட்டது.

"நீ... நீயா? இந்த ஆங்கிலம் உனக்கு எப்படி...?"

"கதவைத்தானே சாத்தினீங்க, காதையா? ஆறு வாரம் உங்களோட நானும்தான் படிச்சேன். எனக்கு ரெண்டாவது வாரமே வந்துடுச்சு."

படுத்தேன். மூடியைத் திறந்தேன். தண்ணீர் என் சட்டைக்கு வந்தது. சல்லடையில் என் பேனாவின் மூடி மாட்டிக்கொண்டிருந்தது. அவள்தான் தொலைத்துவிட்டாள் என்று நான் வீட்டை இரண்டாக்கிய அதே மூடி. எடுத்துச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டேன். அவள் பார்த்துவிட்டாள். அதற்கும் ஒன்றும் சொல்லவில்லை.

மெஷின் ஓடியது. தரையில் உட்கார்ந்தபடியே இரண்டு கையையும் கூப்பினேன்.

"அஞ்சு நட்சத்திரம் போட்டுடேன். உனக்குப் புண்ணியமாப் போகும்."

அவள் போனில் வந்திருந்த கம்பெனிச் செய்தியைக் கண்ணுக்கு அருகே வைத்துப் பொறுமையாகப் படித்தாள்.

"போடறேன். ஏழு நாள் அவகாசம் குடுத்திருக்காங்க," என்றாள். பிறகு ஏணியைக் கொண்டுவந்து என் முன்னால் நிறுத்தினாள். "இன்னிக்குப் பரண்."